ஓதம் இட்ட களிமண்: அதபாஸ்கா மணலும் கன எண்ணெயும்

எண்ணெய்த் தேக்கம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் ஏரி ஒன்று தோன்றிவிடுகிறது. நிலத்துக்கடியில் ஒரு குகை, அதில் தளும்பிக் கிடக்கும் கரிய எண்ணெய், குழாயை இறக்கியவுடன் மேலெழும் ஊற்று என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அங்கே குகையும் இல்லை, தளும்பலும் இல்லை. இருப்பது பாறை. அப்பாறை மணற்பாறையாயின், மணல்மணிகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத இடுக்குகளில் எண்ணெய் தங்கியிருக்கும். ஆகவே எண்ணெயின் வரலாறு மணலின் வரலாற்றிலிருந்தே தொடங்குகிறது. அந்த மணலைக் கொண்டுவந்தது ஆறா, கடலா? எங்கே இட்டது? இட்ட மணலின்மேல் பின்னர் எது படிந்தது?

இலேசான எண்ணெய்க்கு இக்கேள்விகள் அவ்வளவு கடுமையானவை அல்ல. அது நீர்போல ஓடும். பாறைக்குள் சிறு தடை இருந்தால் சுற்றிக்கொண்டு வந்துவிடும். கன எண்ணெய் அப்படியன்று. தடித்த பாகுபோல் மணிகளைப் பற்றிக்கொண்டு நிற்கும் அதற்கு, விரற்கடை அளவுள்ள களிமண் ஏடும் சுவராகிவிடும். பண்டைய படிவுச் சூழல்களை ஆராய்வது எண்ணெய்த் தொழிலில் வெறும் ஏட்டறிவாக நில்லாமல், எவ்வளவு எரிபொருளை எரித்து எவ்வளவு எண்ணெயை எடுப்பது என்னும் கணக்கையே தீர்மானிப்பதற்கு இதுவே காரணம். இதனை விளக்குவதற்குக் கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்திலுள்ள அதபாஸ்கா எண்ணெய் மணற்பகுதியைவிடச் சிறந்த சான்று இல்லை எனலாம்.

நிலக்கீல்

ஃபோர்ட் மெக்மரி நகரில் அதபாஸ்கா ஆறும் கிளியர்வாட்டர் ஆறும் கூடுகின்றன. அங்கிருந்து வடக்கே செல்லச் செல்ல, ஆற்றின் செங்குத்தான கரைகளில் கரிய மணல் வெளிப்பட்டு நிற்கும். வெயிற்காலத்தில் அது இளகித் தார் மணம் வீசும். கிரீ, டெனே பழங்குடி மக்கள் அதை மரப்பிசினுடன் கலந்து தம் படகுகளின் இணைப்புகளை அடைத்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வழியே சென்ற அலெக்ஸாண்டர் மெக்கென்ஸி இதனைக் குறித்து வைத்திருக்கிறார். மரக்கலங்களுக்குக் கீல் பூசும் வழக்கம் தமிழரிடையேயும் இருந்தது. ஆதலால் ‘பிட்டுமென்’ என்பதற்கு நாம் வழங்கும் ‘நிலக்கீல்’ என்னும் சொல் இவ்விடத்துக்கு மிக நன்றாகப் பொருந்துகிறது.

ஆல்பர்ட்டாவின் எண்ணெய் மணற்பகுதிகள் அதபாஸ்கா, கோல்டு லேக், பீஸ் ரிவர் என மூன்று. மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 1,42,000 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கின்றன. எடுக்கத்தக்கது என உறுதிசெய்யப்பட்ட இருப்பு மட்டுமே ஏறத்தாழ 16,000 கோடி பீப்பாய். இவற்றுள் மிகப் பெரியது அதபாஸ்கா. அதன் எண்ணெயில் பெரும்பகுதி மெக்மரி படிவுத்தொகுதி என்று அழைக்கப்படும் மணலில் உள்ளது. அம்மணல் முழுமையாக இறுகிய பாறைகூட அன்று. மணிகளை ஒட்டவைக்கும் கனிமச் சாந்து அங்கே மிகக் குறைவு. மொத்தக் கனஅளவில் 30 முதல் 35 விழுக்காடு வரை இடுக்குகளே. நிலக்கீலை நீக்கிவிட்டால் கடற்கரை மணலைப்போல் கையில் உதிர்ந்துவிடும்.

இந்த எண்ணெய் பிறக்கும்போது கனமாக இருந்ததில்லை. மேற்கே, இன்றைய ராக்கி மலைத்தொடரை ஒட்டிய ஆழமான வடிநிலத்தில், எக்ஷா எனப்படும் கரிய களிப்பாறை போன்றவற்றில் அது சாதாரண எண்ணெயாகவே தோன்றியது என்பது பலரும் ஏற்கும் கருத்து. மலைகள் எழுந்தபோது வடிநிலம் ஒரு புறம் அமிழ்ந்து சாய்ந்தது. எண்ணெய் அந்தச் சாய்வின் வழியே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கிழக்கு நோக்கி ஏறிவந்து, ஆழமற்ற மணலில் தங்கியது. ஆழம் குறைந்த இடத்தில் வெப்பமும் குறைவு. பாறையின் வெப்பம் ஏறத்தாழ 80 பாகை செல்சியசை எட்டியிருந்தால் எண்ணெயை உண்ணும் நுண்ணுயிர்கள் அங்கே வாழ்ந்திரா. எட்டாததால் அவை வாழ்ந்தன. இலேசான மூலக்கூறுகளை முதலில் உண்டன. கந்தகமும் வனேடியம், நிக்கல் போன்ற உலோகங்களும் செறிந்த கனமான எச்சத்தை விட்டுவைத்தன. இன்று அதபாஸ்கா நிலக்கீலின் பாகுநிலை, நிலத்தடி வெப்பமான சுமார் 10 பாகையில், நீரின் பாகுநிலையைப் போல் பத்து இலட்சம் மடங்குக்கு மேல். அதன் அடர்த்தி நீரைவிடச் சற்றே கூடுதல்.

நுண்ணுயிர்களின் விருந்து எண்ணெயும் நீரும் சந்திக்கும் அடிப்பரப்பில்தான் பெரும்பாலும் நிகழ்ந்தது. அதனால் ஒரே மணலிலும் கீழே செல்லச் செல்ல எண்ணெய் தடிப்பதுண்டு. இடையே களிமண் அடுக்கு வந்தால் அத்தடிப்பு படிப்படியாக மாறாமல் திடீரெனத் தாவும். எண்ணெயின் தன்மையிலேயே களிமண்ணின் கைவரிசை இருக்கிறது என்பதற்காகவே இதை இங்குக் குறிப்பிடுகிறேன். அந்தக் களிமண் எவ்வாறு அங்கே வந்தது என்பதே இனி நாம் காண வேண்டியது.

ஆற்று வளைவும் அதன் எக்கரும்

மெக்மரி மணலுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. அது ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகளுக்கு முன் டெவோனியக் காலக் கடலில் படிந்தது. மணலோ கிரெட்டேசியக் காலத்தின் முற்பகுதியைச் சேர்ந்தது. அதன் வயது 11 முதல் 12 கோடி ஆண்டு. ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கிடக்கும் இவ்விரண்டுக்கும் இடையே 25 கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி உண்டு. அந்நீண்ட காலத்தில் சுண்ணாம்புப் பாறை நிலமாக வெளிப்பட்டு அரிக்கப்பட்டது. அதற்கும் கீழே ஆழத்தில் கிடந்த உப்புப் படிவு நிலத்தடி நீரில் கரைந்துபோக, மேலிருந்த பாறை அமிழ்ந்தது. இவ்வாறு உண்டான வடக்கு நோக்கிய பெரும் பள்ளத்தாக்கில் ஆறுகள் பாய்ந்தன. பின்னர் வடக்கிலிருந்து கடல் மெல்ல ஏறிவந்தது. ஆறு தெற்கிலிருந்தும் கடல் வடக்கிலிருந்தும் வந்து சந்தித்த இடத்தின் பதிவே மெக்மரி மணல்.

வளைந்து செல்லும் ஆறு எவ்வாறு மணலை இடுகிறது என்பதை ஜொகூரின் மூவார் ஆற்றை வரைபடத்தில் பார்த்தவர்கள் எளிதில் உணரலாம். வளைவின் வெளிக்கரையில் நீர் விரைந்து மோதி மண்ணை அரிக்கிறது. உட்கரையில் வேகம் தணிந்து மணலை இடுகிறது. வெளிக்கரை பின்வாங்கப் பின்வாங்க, உட்கரை மணல்திட்டு அதனைத் தொடர்ந்து பக்கவாட்டில் வளர்கிறது. நீர் கொணர்ந்து குவித்த இத்தகைய மணலைக் குறிக்கச் சங்கத் தமிழில் ‘எக்கர்’ என்னும் சொல் இருக்கிறது. நீரோட்டம் மணலில் வரையும் அலைபோன்ற வரிகளுக்கு ‘அறல்’ என்னும் சொல்லும் இருக்கிறது. நிலவியல் நூல்களில் இவற்றுக்காக நீளமான தொடர்களைப் புதிதாகக் கட்டுகிறோம். பழஞ்சொற்கள் இரண்டும் பொருள் மாறாமலே பயன்படும் என்பது என் கருத்து. இக்கட்டுரையில் அவ்வாறே ஆள்கிறேன்.

மெக்மரியின் எக்கர்கள் சிறியவை அல்ல. ஆற்றுக் கால்வாய்கள் 30 முதல் 40 மீட்டர் ஆழமுடையவை. வளைவுகள் பல கிலோமீட்டர் அகலமுடையவை. இன்றைய மிசிசிப்பி ஆற்றுடன் ஒப்பிடத்தக்க பேராறு அது. ஓர் எக்கரைக் கீழிருந்து மேலாக வெட்டிப் பார்த்தால், அடியில் பருமணல் இருக்கும். அதில் வலுவான நீரோட்டம் விட்டுச்சென்ற சாய்ந்த கோடுகள் தெரியும். அதே அடிப்பகுதியில், சரிந்து விழுந்த கரையிலிருந்து உடைந்த களிமண் துண்டுகளும் மணலுக்குள் சிதறிக் கிடக்கும். நடுவிலிருந்து மேலே போனால் மணல் ஏடு, களிமண் ஏடு, மீண்டும் மணல் ஏடு எனச் சாய்வாக அடுக்கப்பட்ட பகுதி வருகிறது. ஒவ்வொரு சாய்ந்த ஏடும் ஒரு காலத்தில் எக்கரின் மேற்பரப்பாக, ஆற்றை நோக்கிச் சரிந்திருந்த கரையாக, இருந்தது. ஆறு நகர நகர ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து நின்றன. இறுதியில் வளைவு அறுபட்டு ஆறு வேறு வழியே போனபோது, கைவிடப்பட்ட கால்வாய் முழுவதும் களிமண்ணால் நிரம்பியது.

இந்தச் சாய்ந்த களிமண் ஏடுகள்தாம் அதபாஸ்காவின் தலைவிதி. வெறும் ஆற்றில் இவ்வளவு ஒழுங்காக, இவ்வளவு தடிமனாக, எக்கரின் கீழ்ப்பகுதிவரை களிமண் படிவது அரிது. ஓடும் நீர் நுண்துகளைக் கீழே இறங்கவிடாது. ஆனால் கடலின் ஓதம் ஆற்றுக்குள் ஏறும் இடத்தில் நிலைமை மாறுகிறது. ஏற்றம் ஆற்றின் வேகத்தைத் தடுக்கும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர் சற்று நேரம் அசையாமல் நிற்கும். உப்புநீர் கலந்தவுடன் களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, கனமாகி, விரைவில் கீழே விழும். சிங்கப்பூரின் சுங்கை பூலோவில் வற்றத்தின்போது நடைபாலத்தில் நின்று பார்த்தவர்கள் கண்ட பழுப்புச் சேறு இவ்வாறு சேர்ந்ததே. கழியின் சேறும் ஆற்றின் மணலும் மாறி மாறி இறங்கியதை மெக்மரி மணல் காட்டுகிறது.

ஆறா, கழிமுகமா?

சேறு மட்டுமே சான்று எனில் ஐயம் எழலாம். ஆனால் சேற்றில் உயிர்களின் தடங்களும் உண்டு. சுங்கை பூலோவின் சேற்றில் நண்டுகளும் புழுக்களும் துளையிட்டிருப்பதைப்போல், மெக்மரியின் களிமண் ஏடுகளிலும் துளைகள் உள்ளன. 1982இல் பெம்பர்டன், ஃபிளாச், மொசொப் ஆகிய மூவரும் இத்தடங்களை ஆராய்ந்து வெளியிட்டனர். துளைகளின் வகை குறைவு, வடிவம் எளிமையானது, அளவு சிறியது. ஆனால் எண்ணிக்கை மிகுதி. திறந்த கடலில் வகைகள் பெருகும். நன்னீரில் இத்தகைய கடல்சார் துளைகளே இரா. உப்பு ஏறியும் இறங்கியும் உயிர்களை வாட்டும் நீரில், தாக்குப்பிடிக்கும் சில இனங்கள் மட்டும் பெருகிச் சிறுத்து வாழும். ஆகவே இது கழிமுகம் என்ற முடிவு வலுப்பெற்றது. அதற்கு முன் இதே படிவைக் கழிமுகமாக அன்றி ஆற்று முகத்து வண்டல் நிலமாகக் கண்டவர்களும் உண்டு.

எதிர்த்தரப்பின் சான்றும் எளிதில் தள்ளத்தக்கது அன்று. கழிமுக ஓடைகள் 40 மீட்டர் ஆழத்தில் இத்தனை பெரிய வளைவுகளை வெட்டுவது வழக்கமன்று. முப்பரிமாண நில அதிர்வு ஆய்வின் கிடைவெட்டுப் படங்களில், நிலத்தடியில் புதைந்த ஆற்று வளைவுகள் இன்றைய விமானப்படம்போல் தெளிவாகத் தெரிகின்றன. எக்கர் வளர்ந்த வில்வரிகளையும் அறுபட்ட வளைவுகளையும் அவற்றில் எண்ணிவிடலாம். அது பேராற்றின் உருவம். மணலில் உள்ள சிர்க்கான் மணிகளின் வயதைக் கணித்து 2014இல் வெளியான ஆய்வுகள், அவற்றுள் பல கண்டத்தின் மறுகோடியிலுள்ள அப்பலாச்சிய மலைப்பகுதியின் அடையாளத்தைத் தாங்கியிருப்பதைக் காட்டின. சில மணிகள் இடையில் வேறொரு மணற்பாறையில் தங்கிப் பின் மீண்டும் அரிக்கப்பட்டு வந்திருக்கலாம். எனினும் கண்டத்தையே வடித்த ஆறு அது என்னும் கருத்துக்கு இது வலிமை சேர்த்தது.

இரு தரப்பையும் ஒருங்கே ஏற்க வழி உண்டா? அமேசான் ஆற்றில் ஓதத்தின் தாக்கம் கடலிலிருந்து ஏறத்தாழ 800 கிலோமீட்டர் உள்ளே ஓபிடோஸ் நகர்வரை உணரப்படுகிறது. ஆனால் அவ்வளவு தூரம் உப்பு ஏறுவதில்லை. ஓதத்தின் ஏற்ற இறக்கம் வேறு, உப்புநீர் நுழைவது வேறு. மெக்மரியில் இரண்டும் வேண்டும்; பெரிய ஆறும் வேண்டும். பருவமே இதற்கு விடை என்று கருதுவோர் உளர். வெள்ளக் காலத்தில் ஆறு கடலைத் தள்ளிவிட்டு மணலை இட்டது. நீர் வற்றிய காலத்தில் உப்புநீர் உள்ளேறியது, களிமண் திரண்டு படிந்தது, புழுக்கள் குடியேறின. அடுத்த வெள்ளம் அவற்றைப் புதைத்தது. 2016இல் வெளியான ஓர் ஆய்வு இவ்வகையில் ஏடுகளை வாசித்து, மணலும் களிமண்ணும் சேர்ந்த ஓர் இணையை ஓர் ஆண்டின் பதிவாகக் கண்டது. எனக்கு இவ்விளக்கமே மற்றவற்றைவிட ஏற்புடையதாகத் தோன்றுகிறது. எல்லாரும் ஒப்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த வாதம் அறிஞர்களின் பொழுதுபோக்கு அன்று. களிமண் ஏடு பருவந்தோறும் எக்கர் முழுவதையும் போர்த்தியிருந்தால், அது நூறு மீட்டருக்கும் மேல் தொடர்ந்து செல்லும். அன்றாட ஓதத்தின் சிறு ஓய்வில் படிந்ததாயின், சில மீட்டரில் அறுந்துவிடலாம். ஓரிடத்தில் துளையிட்டு எடுத்த பாறைத்தண்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். கையகல அகலமுள்ள தண்டைப் பார்த்து, அதில் காணும் களிமண் அடுத்த துளைவரை செல்கிறதா என்று சொல்ல வேண்டியவர், பழைய சூழலை மனத்தில் கட்டியெழுப்பித்தான் சொல்ல இயலும்.

நீராவியின் வழி

நிலத்துக்கு அருகில், சுமார் 75 மீட்டர் ஆழத்துக்குள், நிலக்கீல் மணல் இருக்குமிடங்களில் மேல்மண்ணை அகற்றி மணலையே வெட்டி எடுக்கின்றனர். வெந்நீரால் மணலைக் கழுவி நிலக்கீலைப் பிரிக்கும் முறையை 1920களில் கார்ல் கிளார்க் ஆல்பர்ட்டாவில் உருவாக்கினார். 1967இல் முதல் பெரிய ஆலை இயங்கத் தொடங்கியது. எடுக்கத்தக்க இருப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே இவ்வாறு வெட்டி எடுக்க முடியும். எஞ்சியதற்கு நீராவி தேவை.

நீராவி உதவியுடன் ஈர்ப்பு விசையால் வடிக்கும் முறையை வகுத்தவர் ரோஜர் பட்லர். தொழிலில் இதனைச் ‘சாக்டி’ எனச் சுருக்கி வழங்குவர். 1987இல் ஃபோர்ட் மெக்மரிக்கு அருகே நிலத்தடியில் அமைந்த சோதனைக் களத்தில் இது பரிசோதிக்கப்பட்டது. மணலின் அடிப்பகுதியில் இரண்டு கிடைக்கிணறுகளை, ஒன்றுக்கு மேல் சுமார் 5 மீட்டர் உயரத்தில் மற்றொன்று அமையுமாறு, 500 முதல் 1,000 மீட்டர் நீளத்துக்குத் துளைக்கின்றனர். மேற்கிணற்றின் வழியே 200 பாகைக்கும் மேற்பட்ட வெப்பமுள்ள நீராவி செலுத்தப்படுகிறது. நீராவி மேலே ஏறி, மணலுக்குள் கவிழ்த்த கூம்புபோன்ற வெப்ப அறை ஒன்றை உண்டாக்குகிறது. அறையின் ஓரங்களில் நிலக்கீல் இளகி, குளிர்ந்த நீருடன் சேர்ந்து கீழ்க்கிணற்றுக்கு வடிகிறது.

நீராவி மேலேற வேண்டும். எண்ணெய் கீழிறங்க வேண்டும். இரண்டுக்கும் குறுக்கே நிற்பது களிமண் ஏடு. எக்கரின் அடியிலுள்ள தூய மணலில் அறை தடையின்றி வளரும். சாய்ந்த ஏடுகளை எட்டியதும் அதன் வளர்ச்சி மந்தமாகும். ஏடுகள் தொடர்ந்து சென்றால் நின்றேவிடும். களிமண் நிரம்பிய பழைய கால்வாய் பக்கவாட்டில் வந்தால் அங்கே சுவர். இதன் விலையை நீராவி–எண்ணெய் விகிதம் காட்டுகிறது. நல்ல மணலில் ஒரு பீப்பாய் நிலக்கீலுக்கு 2 முதல் 3 பீப்பாய் நீரை நீராவியாக்கினால் போதும். களிமண் மிகுந்த இடத்தில் 4க்கு மேலும் போகும். நீரைக் கொதிக்கவைக்க எரிவது பெரும்பாலும் இயற்கை எரிவாயு. எனவே பதினொரு கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிய பருவத்தில் படிந்த சேற்றின் அளவைப் பொறுத்து, இன்று காற்றில் கலக்கும் கரியமில வாயுவின் அளவும் மாறுகிறது.

கிணற்றுக்குள் களிமண்ணை அறியக் காமாக் கதிர் அளவியை இறக்குவர். களிமண்ணில் பொட்டாசியமும் தோரியமும் மிகுதி. அவை கதிர் வீசும். இவ்வளவி ஓரிடத்தில் ஏமாற்றும். சரிந்த கரையின் களிமண் துண்டுகள் மணலுக்குள் சிதறிய பகுதியை அது ‘களிமண்’ என்றே காட்டும். ஆனால் துண்டுகளுக்கு இடையே மணல் தொடர்ந்திருந்தால் நீராவி அவற்றைச் சுற்றிச் சென்றுவிடும். அளவி காட்டும் எண்ணை மட்டும் நம்பி அத்தகைய இடத்தைக் கைவிடுவது நட்டம். பாறைத்தண்டைக் கண்ணால் பார்த்து, அது கரை சரிந்த இடம் என உணர்ந்தவர் கைவிடமாட்டார். கிணற்றுச் சுவரைப் படமெடுக்கும் கருவிகள் ஏடுகளின் சாய்வைத் தருகின்றன. சாய்வு எப்பக்கமோ அப்பக்கம் ஆறு நகர்ந்தது. அப்பக்கத்தில் எங்கோ அதன் களிமண் நிரம்பிய கடைசிக் கால்வாய் கிடக்கிறது.

களிமண் எப்போதும் பகை என்று கொள்ளலாகாது. ஏறிவந்த கடல் இறுதியில் எல்லாவற்றையும் மூழ்கடித்துக் கிளியர்வாட்டர் எனப்படும் களிப்பாறையை மேலே போர்த்தியது. அங்கே கடல் இருந்தது என்பதற்குச் சுவையான சான்று 2011 மார்ச்சில் ஒரு சுரங்கத்தில் கிடைத்தது. தோலின் கவசத் தகடுகளோடு பாதுகாக்கப்பட்ட போரியலோபெல்டா என்னும் நிலவாழ் டைனோசர், கடற்படிவுக்குள் கிடந்தது. இறந்தபின் ஆற்றால் கடலுக்கு இழுத்துச் செல்லப்பட்டது அது. இந்தக் கடற்களிப்பாறையே நீராவிக்கு மேல்மூடி. 2006 மே மாதம் ஜோஸ்லின் ஓடைப் பகுதியில் மிகுந்த அழுத்தத்தில் செலுத்திய நீராவி மேல்மூடியைப் பிளந்து நிலத்தின்மேல் வெடித்தது. அதன்பின் ஆழம் குறைந்த இடங்களில் மேல்மூடியின் தடிமனும் வலிமையும் கடுமையாக ஆராயப்படலாயின.

வெனிசுவேலாவின் ஓரினோகோ பகுதியிலும் கன எண்ணெய் மணல் ஆறுகளாலும் ஆற்று முகங்களாலும் படிந்ததே. அங்கே நிலத்தடி வெப்பம் கூடுதலாதலால் எண்ணெய் சற்று இளகி நிற்கிறது. பல இடங்களில் நீராவியின்றியே கிடைக்கிணறுகளால் எடுக்க முடிகிறது. களிமண் அடுக்குகளின் தொல்லை மட்டும் அங்கும் உண்டு.

வெட்டியெடுக்கும் சுரங்கங்களில் களிமண் வேறு வகையில் தன்னைக் காட்டுகிறது. மணலைக் கழுவிய நீரில் நுண்களிமண் கலந்து பெரும் கழிவுக் குளங்களுக்குப் போகிறது. மணல் உடனே அடியில் தங்கிவிடும். நுண்களிமண்ணோ நீரில் தொங்கிக்கொண்டு தயிர்போல் நிற்கிறது. தானே இறுகப் பல பத்தாண்டுகள் ஆகும். அக்குளங்கள் இன்று 200 சதுரக் கிலோமீட்டருக்கும் மேல் பரந்துள்ளன. கழிமுகத்தில் ஒரு வற்றத்துக்குள் படிந்த அதே களிமண், இங்கே உப்பின் துணையின்றி இறங்க மறுக்கிறது. ஆகவே பொறியாளர்கள் ஜிப்சத்தைக் கலந்து துகள்களைத் திரளச் செய்கின்றனர். கடலின் உப்பு அன்று செய்த வேலையைக் கால்சியம் இன்று செய்கிறது. ஆனால் குளத்து நீர் மீண்டும் ஆலைக்கே திரும்புவதால், அதில் சேரும் கால்சியம் நிலக்கீலைப் பிரிக்கும் பணியைக் கெடுக்கிறது. ஜிப்சத்தையும் அளந்தே இட வேண்டியிருக்கிறது.